மூன்றாவது பிடி

இரண்டாவது சுற்றிலேயே வலது முட்டி பேச ஆரம்பித்துவிட்டது. பேச்சென்றால் வசுமதியின் நாத்தனார் போனில் பேசுகிற மாதிரியான பேச்சு, நடுவில் யாரும் ஒரு வார்த்தையை நுழைக்க முடியாது. அடிக்கு ஒரு டிக், டிக்குக்கு ஒரு குறை. நாற்பத்தேழு வயதில் யாராவது ரக்பி ஆட வருவார்களா என்று முட்டி கேட்டது. வந்தாயிற்று, வாயை மூடு என்றாள் வசுமதி, மனசுக்குள்தான், ஏனென்றால் வெளியே சொல்ல மூச்சு இல்லை. மூச்சு என்பது மூக்கு வழியாகப் போய் வருகிற சமாசாரம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தது எவ்வளவு பேதைமை. அது விலாவுக்கு அடியில், ரவிக்கைக் கொக்கி வழக்கமாக அழுத்துகிற இடத்தில், ஒரு முடிச்சாக உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறது. மாநகராட்சி மைதானத்தின் இந்த மூலையில் எப்போதும் ஒரு ஈர வாடை, குழாயடியில் யாரோ ராத்திரி கொட்டிய சாம்பார், அதை நக்கும் பழுப்பு நாய், அது தலையைத் தூக்கி இவளைப் பார்த்துவிட்டு, துரத்துவதற்கு லாயக்கில்லை என்று மறுபடி குனிந்துகொண்டது. நாய்க்குக்கூட. சரி, ஓடு. இது மூன்றாவது சுற்று, இது முடிந்தால் பிடி, இன்றைக்கு மூன்று பிடி, ஹெப்சிபா நேற்றே சொல்லிவிட்டாள்: “யக்கா, நாளிக்கு மூணு தபா சான்ஸ் தரேன். ஒரு தபாவாச்சும் ஆள சாய்ச்சுக் காட்டு, சண்டே நீ உள்ள. இல்லாங்காட்டி வாட்டர் பாட்டில் தூக்கினு லைனாண்ட நில்லு, இன்னா?” இருபத்தெட்டு வயசுப் பெண், காசிமேட்டில் கபடி ஆடி வளர்ந்தவள், இப்போது இவர்களுக்கெல்லாம் கோச், இந்த ‘நீ’ முதல் வாரம் சுருக்கென்று தைத்தது, வங்கி மேனேஜர்கூட வசுமதியை மேடம் என்றுதான் கூப்பிடுவார். இப்போது தைப்பதில்லை. தைக்கத் தெம்பு வேண்டாமா. வாட்டர் பாட்டில் தூக்குவதில் அவளுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, இருபத்து மூன்று வருஷமாக அதைத்தானே தூக்குகிறாள், பள்ளிக்கூடத்துக்கு, ஆபீசுக்கு, ஆஸ்பத்திரிக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தூக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஃபிளாட் மொத்தமும் வேன் வைத்துக்கொண்டு வருகிறது.

அதுவும் அவள் வாயால் வந்த வினைதான், வேறு யார் வாய் இவ்வளவு நீளம். குடியிருப்போர் குரூப்பில் இரண்டாவது மாடி மிஸஸ் ரங்கமணி, ஞாயிறு காலை ‘மகளிர் நடைப் போட்டி’, எல்லா லேடீஸும் வந்து உற்சாகப்படுத்த வேண்டும் என்று ரோஜாப்பூ படத்தோடு போட்டிருந்தாள். பத்தே நிமிஷம் பேசாமல் இருந்திருக்கலாம். ரோஜாப்பூவைப் பார்த்ததும் கட்டை விரல் அரித்தது. ‘மன்னிக்கவும், ஞாயிறு எனக்கு ரக்பி மேட்ச் இருக்கிறது’ என்று அடித்துவிட்டாள். மேட்ச் இருந்தது வாஸ்தவம். அதில் அவள் இருப்பாளா என்பதுதான் தெரியாது. அரை மணிக்குள் கைதட்டல், சிரிக்கிற மூஞ்சி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சி, கடைசியில் செக்ரட்டரி திருஞானம், மேடம் நமக்கெல்லாம் பெருமை, நடைப் போட்டியைத் தள்ளிவைக்கலாம், வேன் நான் பேசுகிறேன், இட்லி வடை அசோசியேஷன் செலவு என்று முடித்துவிட்டார். கணவர் பிரபாகர் டிபன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “முதல்ல லிஃப்ட் இல்லாம நம்ம மாடி வரைக்கும் ஏறு, அப்புறம் பாக்கலாம்” என்றார். கோபமாகச் சொன்னால் திருப்பிக் கொடுத்திருப்பாள். கேலியாகச் சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அவர் மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். “கெட்டிச் சட்னி இன்னும் வேணுமா?” என்றாள், வேண்டுமென்றே அரைத் தட்டு நிறையக் கவிழ்த்தாள். அது பதிலா. இப்போது, ஓடும்போது, ஏழெட்டு நல்ல பதில்கள் வருகின்றன, மூச்சு இல்லாதபோதுதான் வரும்.

சூடு வந்துவிட்டது. காலை ஆறரைக்கு, வெயிலே இல்லாதபோது, கழுத்துக்குப் பின்னால் யாரோ தோசைக்கல்லைக் கொண்டுவந்து காட்டுகிற மாதிரி, அங்கிருந்து காது, காதிலிருந்து கன்னம். ஓடியதால் வந்ததா, வயசால் வந்ததா, இனிமேல் தெரியப்போவதில்லை. அதில் ஒரு சௌகரியம், இங்கே எல்லாப் பெண்களும் சிவந்து வழிந்துகொண்டிருக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கறுப்பு பேன்ட் போட்டிருக்கிறாள், எப்போதும் கறுப்புதான், இரண்டு மாதம் வராமல் இருந்துவிட்டுத் திடீரென்று கதவை உடைத்துக்கொண்டு வருகிற விருந்தாளியை நம்ப முடியாது. டாக்டர் நடங்கள் என்றார். நடந்தாள், பூங்காவில், மிஸஸ் ரங்கமணி கோஷ்டியோடு, சர்க்கரை அளவு, மருமகள் அளவு, சாமி கும்பிட்ட கோயில் அளவு, ஒருத்தி முடிக்க ஒருத்தி தொடங்க, நாலாம் நாள் வசுமதி, “நடக்கவே மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டாள். அப்புறம் அவளைக் கூப்பிடுவதில்லை. மேல் மாடி தர்ஷிணிதான், ஃபிசியோதெரபி படித்த பெண், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ஒரு தோள்பையில் பந்தை வைத்துக்கொண்டு லிஃப்டில் நின்றவள், “ஆன்ட்டி, எங்க டீம்ல ஆள் குறையுது, சும்மா வந்து நின்னாப் போதும்” என்றாள். சும்மா நிற்பது. அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. வந்த அன்றைக்கே, சும்மா நிற்க விடவில்லை என்பது வேறு விஷயம்.

சுற்று முடிந்தது. குனிந்து, கைகளைத் தொடையில் ஊன்றி, எச்சில் நூலாக இறங்க, யாரும் பார்க்காத மாதிரி அதைத் துடைத்து. “நிமிர்ந்து நில்லுக்கா, குனிஞ்சா காத்து எப்பிடி உள்ள போவும்?” நிமிர்ந்தாள். டிராக் பேன்ட் பாக்கெட்டிலிருந்து பல் உறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதைக் கொதிதண்ணீரில் போட்டு, இளகியதும் கடித்து, அவரவர் பல்லுக்கு அளவு பண்ணிக்கொள்ள வேண்டும். வசுமதி பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் போட்டுக் கடித்தாள், ரப்பரும் ஏலக்காயுமாக ஒரு ருசி அதிலேயே தங்கிவிட்டது. இதை மாட்டினால் பேச முடியாது. வீட்டில் இவள் மாட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தபோது பிரபாகர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், என்ன சௌகரியம் என்று நினைத்திருப்பார். வாய் அடைத்துப் போனால் அவளிடம் மிச்சம் என்ன. அதுதான் இங்கே தெரிந்துபோனது. எதிரே தர்ஷிணி பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஓடி வருவாள். வசுமதி தாழ்ந்து, தோளை அவள் தொடையில் கொடுத்து, கன்னத்தை இடுப்போடு ஒட்டி, தலையைப் பின்பக்கமாக வைத்து, இரண்டு கையாலும் கால்களைச் சுற்றிப் பூட்டிச் சாய்க்க வேண்டும். சொல்லும்போது பூரிக்கு மாவு பிசைகிற மாதிரி எவ்வளவு சுலபம். “கோலம் போடக் குனியாத யக்கா, உக்காந்து எயுந்திரி! போ!” தர்ஷிணியின் முழங்கால்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கண்ணை மூடாதே, கண்ணை மூடாதே, மூடிவிட்டாள், தோள் எதிலோ மோதியது, கைகள் எதையோ சுற்றின, வெதுவெதுப்பான, வேர்த்த, துடிக்கிற ஒரு தொடை, இன்னொருத்தியின் தொடை. “ஷாயி” என்று வாய் சொல்லிற்று. உறைக்குள்ளிருந்து, குழறி, ஆனால் சாரிதான். அந்த ஒரு சொல் வெளியே வந்த நொடியில் கை தளர்ந்தது. தர்ஷிணி வெண்டைக்காய் வழுக்குகிற மாதிரி வழுக்கிப் போயே போய்விட்டாள்.

ஹெப்சிபா விசில் ஊதவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். “இப்ப இன்னா சொன்னே?” ஒன்றும் இல்லை என்று வசுமதி தலையாட்டினாள். “சாரின்ன. நேத்தும் அதான். முந்தாநேத்தும் அதான். யாருக்கான சாரி? அவ இன்னா உன் கால மிதிச்சாளா, நீ அவ கால மிதிச்சியா? வாய் சாரின்னா கை லூசாவுதுக்கா. நானும் பாத்துனே கீறேன்.” வரிசையில் நின்ற கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும். “கோச், ஆன்ட்டி கான்வென்ட்டு” என்றாள் தர்ஷிணி, அதுதான் நோயின் பெயர் என்கிற மாதிரி. “அப்ப பிரேயர் பண்ணினு போ. அடுத்த ஆளு!” வசுமதி வரிசையின் வாலுக்கு நடந்தாள். ஒன்று போயிற்று.

கான்வென்ட்டுதான். அதற்கென்ன. சிஸ்டர் இமாகுலேட் காலையில் மணி அடித்ததும், வரிசையில், கையை நீட்டு என்பாள், முன்னால் நிற்பவளின் தோளை விரல் நுனி தொட வேண்டும், தொட்டதும் இறக்கிவிட வேண்டும், அதுதான் இடைவெளி, ஒரு கை தூரம். இறக்கத் தாமதித்தால் ஸ்கேல். தெரியாமல் இடித்தால் சாரி, முந்திப் போனால் எக்ஸ்கியூஸ் மி, தும்மினால் சாரி, கழிப்பறைக்குப் போக விரலைத் தூக்கினால் அதற்கும் சாரி சிஸ்டர். பன்னிரண்டு வருஷம் ஒரு கை தூரம். லில்லி ஃபிளாரன்ஸ் என்று ஒருத்தி முன்னால் நிற்பாள், பின்னல் நுனியில் தேங்காயெண்ணெய், அந்தத் தோளின் எலும்பு இன்னும் விரலில் இருக்கிறது, ஆனால் அவள் முகம் நினைவில்லை. இதையெல்லாம் குறை சொல்லவும் முடியாது, நல்ல இங்கிலீஷ் வந்தது, பல்லைக் காட்டாமல் சாப்பிட வந்தது. ஆனால் இதே வசுமதி வீட்டில் யாரிடம் சாரி சொல்லியிருக்கிறாள். நாத்தனாரிடம் இல்லை. பிரபாகரிடம் சத்தியமாக இல்லை, சொல்ல வேண்டியவர் அவர். மளிகைக் கடைக்காரரை அழ வைத்திருக்கிறாள். மகனுடைய பிரின்சிபாலை உட்காரவிடாமல் நிற்க வைத்தே பேசியிருக்கிறாள். அந்த வாயா. அந்த வாய் ஊரையே சாய்க்கும். ஆனால் ரேஷன் கடை வரிசையில் யார் முழங்கையாவது உரசினால், அவர்கள் இடித்தாலும்கூட, சாரி. பஸ்ஸில் சாரி. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் இடித்துக்கொண்டு மேஜையிடம் சாரி சொன்னாள், மகன் ஒரு வாரம் சிரித்தான். அப்படியானால் வாய்க்குக் கூச்சமில்லை, உடம்புக்குத்தான். இத்தனை நாள் தன்னைத் துணிச்சல்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள், துணிச்சலெல்லாம் கழுத்துக்கு மேலே. கழுத்துக்குக் கீழே இன்னும் வரிசையில் நிற்கிறது, கையை இறக்கிக்கொண்டு.

வரிசை நகர்ந்தது. முன்னால் ஒருத்தி ஒருத்தியைச் சாய்த்தாள், தப் என்ற சத்தம், புல் இல்லாத தரையில் செம்மண் எழும்பியது, இருவரும் தட்டிக்கொண்டு எழுந்து, ஒருத்தி மற்றவள் முதுகில் ஒரு அறை வைத்துவிட்டுப் போனாள். எவ்வளவு சாதாரணமாக. எத்தனை மலிவாகத் தொட்டுக்கொள்கிறார்கள் இவர்கள். வசுமதி கணக்குப் பார்த்தாள், பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்: இந்த மாதத்தில் அவளை நிதானமாக, அவசரமில்லாமல் தொட்டது யார். ரத்தப் பரிசோதனைக்கு வந்த லேப்காரப் பெண், நரம்பு கிடைக்காமல் மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். வேறு. மகன் ஹாஸ்டலிலிருந்து வந்தபோது பையைக் கொடுத்தான். வேறு. பிரபாகரோடு சண்டை என்று யாராவது நினைத்தால் அது தப்பு, சண்டையே இல்லை, ஏசிதான். அவருக்குப் போர்வை வேண்டும், அவளுக்கு இந்தச் சூடு வந்ததிலிருந்து போர்வை கண்ணில் படக் கூடாது, ரிமோட் அங்கேயும் இங்கேயுமாகப் போய் வந்து, ஒரு நாள் தலையணையை எடுத்துக்கொண்டு மகன் அறைக்கு வந்தாள், இன்றைக்கு ஒரு நாள் என்று. எத்தனை ‘இன்றைக்கு’ ஆயிற்று. அவரும் கூப்பிடவில்லை, இவளும் போகவில்லை, யார் மேலும் தப்பில்லை, காலையில் இருவரும் நன்றாகத் தூங்கியதாகச் சொல்லிக்கொள்கிறார்கள், அது உண்மையும்கூட. நன்றாகத்தான் தூங்குகிறாள். அப்புறம் ஏன் இவ்வளவு அசதி. இந்த அசதி ஓடியதால் வந்ததில்லை. ஓடுவதற்கு முன்பே இருந்தது, படுக்கையிலிருந்து எழும்போதே, உடம்பு என்னவோ நேற்று முழுக்க யாருக்கோ வாடகைக்குப் போய் வந்த மாதிரி.

“யக்கா, தூங்கினியா? வா.” இரண்டாவது. இந்தத் தடவை வாயைக் கடித்துக்கொண்டாள், பல் உறை நெரிந்தது, கண்ணைத் திறந்து வைத்தாள், தர்ஷிணியின் வலது தொடையில் ஒரு பழைய நீலக் கன்றல், நாவல்பழ நிறத்தில், அதைப் பார்த்துக்கொண்டே போனாள், அதைப் பார்த்ததுதான் வினை. அதற்கு மேலேயே போய் இடிக்கப் போகிறோமே என்று உடம்பு தானாக ஒரு அங்குலம் விலகியது. தோள் காற்றில் போயிற்று, விரல்கள் அவள் காலுறையைப் பிடித்து இழுத்தன, வசுமதி முகம் குப்புற விழுந்தாள், தனியாக. வாயில் மண். முட்டியில் பளீரென்று. ஒரு நிமிஷம், அப்படியே கிடந்துவிடலாமா என்று இருந்தது. முட்டி பிசகிவிட்டது என்று சொல்லலாம், ஆட்டோவில் வீட்டுக்குப் போகலாம், ஐஸ் ஒத்தடம், குரூப்பில் ‘பயிற்சியின்போது காயம்’ என்று போட்டால் எல்லோரும் கைகூப்புவார்கள், வேன் ரத்து, மரியாதை பத்திரம். எவ்வளவு அழகான வழி. யாருக்கும் தெரியாது. தர்ஷிணிக்குத் தெரியும், முட்டியை அமுக்கிப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள்தான் கையை நீட்டினாள். “ஆன்ட்டி, என் காயத்தப் பாத்தீங்கதானே? அது போன வாரம் ஹெப்சி பண்ணது. வலிக்கவே இல்ல, சத்தியமா. நீங்க பாவம் பாக்காதீங்க. பாவம் பாத்தா எனக்குத்தான் அடி படும், பாதில விட்டா ஏடாகூடமா விழுவேன்.” கன்னத்தில் அப்பியிருந்த மண்ணைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டாள், கேட்காமல், அவளுடைய அம்மாவுக்குத் துடைக்கிற மாதிரி இல்லை, ஒரு பாத்திரத்தைத் துடைக்கிற மாதிரி. “திரும்பி வரிசைக்கெல்லாம் போவ வேணாம்” என்றாள் ஹெப்சிபா. “இப்பவே. சூடா கீறப்பவே. இதான் லாஸ்ட்டு.”

கடைசி. அங்கே அவள், இங்கே இவள், நடுவில் மண். வேனில் வரப்போகிறவர்களை நினைக்கப் பார்த்தாள், மிஸஸ் ரங்கமணி கையில் வடையோடு, திருஞானம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆத்திரம் வரும் என்று, வரவில்லை. பிரபாகரின் தட்டை நினைத்தாள், அதுவும் வரவில்லை. ஆத்திரத்துக்குக்கூடத் தெம்பு இல்லாமல் போய்விட்டது, அசதி மட்டும் மிச்சம், அசதிக்கு எடை உண்டு, எழுபத்தொரு கிலோ. தர்ஷிணி ஓடி வந்தாள். வசுமதி உட்கார்ந்து எழுந்தாள், முட்டி என்னவோ சொன்னது, தொண்டையில் அந்தச் சொல் எழுந்தது, எழும் என்று தெரியும், பழகிய நாய் மாதிரி வாசல் வரை வந்து நின்றது, பல்லைக் கடித்தாள், ஏலக்காய் ருசியோடு அதை உள்ளே தள்ளினாள், தள்ளிய வேகத்தில் உடம்பும் முன்னால் போயிற்று, மொத்த அசதியையும் தோளில் ஏற்றி அந்தத் தொடையின்மேல் இறக்கிவைத்தாள். இறக்கிவைத்தாள், அவ்வளவுதான். கைகள் சுற்றின. ஒரு கை இன்னொரு மணிக்கட்டைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது. கால்கள் உதைத்தன, கன்னத்தில் பனியன் துணி அழுந்தியது, மேலே எங்கோ ‘அம்மா’ என்று ஒரு மூச்சு, உலகம் ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்து, பின் மெல்ல இல்லை, தப்.

பந்து எங்கோ உருண்டது. யாரோ கத்தினார்கள், கைதட்டினார்கள், கல்லூரிப் பெண்கள் அவள் பெயரை முதல் தடவையாக ஆன்ட்டி இல்லாமல் கூவினார்கள். விசில். மண், வேர்வை, யாருடைய பவுடரோ, சூடான சருமம். தர்ஷிணியின் வயிறு அவள் நெற்றிக்குக் கீழே குலுங்கியது, அழுகிறாளா என்று பயந்தாள், இல்லை, சிரிக்கிறாள். வயிறு ஏறியது, இறங்கியது, ஒரு உயிருள்ள, கனத்த, தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்கிற வயிறு, அதன்மேல் தலை வைத்திருக்கிறோம் என்பது வசுமதிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. “வுடுக்கா! சாய்ச்ச ஒடனே வுட்டுடணும், அதான் ரூலு!” ஹெப்சிபாவின் செருப்பில்லாத பெரிய பாதங்கள் கண்ணருகே வந்து நின்றன. “சண்டே இது மாரி புட்சினே கெடந்தேன்னு வையி, ரெஃப்ரி பெனால்டி குட்த்துடுவான். காதுல வுயுதா?” சண்டே. அந்தச் சொல் விழுந்தது, அதன் அர்த்தமும் விழுந்தது, உள்ளே வந்துவிட்டோம் என்று, சந்தோஷப்பட வேண்டும், அதை எழுந்து நின்று பட்டுக்கொள்ளலாம், எழ வேண்டும் முதலில், விட வேண்டும். “ஆன்ட்டி, மூச்சு முட்டுது” என்று மேலேயிருந்து சிரிப்புக்கு நடுவில் தர்ஷிணி சொன்னாள், சொல்லிவிட்டு அவள் கை வந்து வசுமதியின் முதுகில் இரண்டு தட்டு தட்டி, எடுக்க மறந்து அங்கேயே கிடந்தது. விடு என்று விரல்களுக்குச் சொன்னாள். விரல்கள் கேட்டுக்கொண்டன, விடவில்லை. மறுபடி விசில், இப்போது நீளமாக. “இதோ” என்றாள் வசுமதி, பல் உறைக்குள்ளிருந்தே, அடுக்களைக்குள்ளிருந்து கூடத்துக்குக் குரல் கொடுக்கிற மாதிரி, “இதோ, இதோ”, கண்ணை மூடிக்கொண்டு.